மைசூர் டிரோல் சங்கத்தில் ஒரு தாய்மாமன்

அக்கா என்னை மைசூருக்கு அனுப்பியது ஒரு கல்யாணத்தைத் தடுப்பதற்காக. அரண்மனை பார்க்கவோ பட்டு வாங்கவோ அல்ல.

"நீ தாய்மாமன். நீ போய்ப் பார்த்துட்டு வேணாம்னு சொன்னா அதுக்கு ஒரு மரியாதை இருக்கும். நான் சொன்னா சண்டையாயிடும்," என்றாள்.

அவள் மகள் புனிதா மைசூரில் மருத்துவம் படிக்கிறாள். ஒரு நாள் தொலைபேசியில் தனக்கு ஒரு பையனைப் பிடித்திருப்பதாகச் சொல்லிவிட்டாள். பெயர் மாதேஸ். அதே கல்லூரியில் படித்து முடித்து இப்போது பயிற்சி மருத்துவர். அவன் அம்மாவுக்குச் சொந்த ஊர் கொள்ளேகாலைத் தாண்டி ஹனூர், விவசாயக் குடும்பம், வீட்டில் பேசுவது தமிழ். மலேசியாவில், எங்கள் ஈப்போவில், எந்தத் தாயும் மறுக்க வழியில்லாத விவரங்கள். அக்காவுக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான்.

"இவ்ளோ சரியா இருந்தா எங்கேயோ கோளாறு இருக்குடா. நீ கண்டுபிடி."

ஈப்போவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். பக்கத்தில் உட்கார்ந்து கோளாறு கண்டுபிடித்துத்தான் பிழைக்கிறேன். உடனே ஒத்துக்கொண்டேன்.

கற்றுக்கொடுக்கும் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் பேருந்தில் அது இல்லை. டிரைவர் ஒவ்வொரு முறை முந்தும்போதும் என் வலது கால் தானாக முன் சீட்டின் அடியில் மிதித்தது. அந்த சீட்டில் இருந்தவர் மத்தூர் வரை பொறுத்துக்கொண்டார். மத்தூரில் வண்டி நின்றதும் கீழே இறங்கி, இரண்டு வடை வாங்கி, ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் ஊர் மசால்வடையை யாரோ இஸ்திரி போட்டதுபோல இருந்தது அந்த வடை. தட்டை, மொறுமொறுப்பு, வெங்காயம். நல்ல மனிதர், நல்ல வடை.

பேருந்து நிலையத்தில் புனிதா நின்றிருந்தாள். என் பையை வாங்கிக்கொண்டு முதல் வார்த்தையே, "மாமா, நாளைக்கு அவங்க வீட்டுல சாப்பாடு. ஞாயித்துக்கிழமை சங்கத்துல சாப்பாடு. வயித்தைக் காலியா வெச்சுக்குங்க லா," என்றாள்.

"என்ன சங்கம்? தமிழ்ச் சங்கமா?"

"அது மாதிரிதான்," என்று சொல்லிவிட்டு ஆட்டோவைக் கூப்பிடப் போய்விட்டாள். மருத்துவம் படிக்கிற பெண்ணுக்குப் பதிலை விழுங்கவும் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் மாதேஸ் வீட்டுக்கு, மண்டி மொஹல்லாவுக்குப் போனோம். சந்துக்குள் ஒரு வெங்காய லாரி, அதைச் சுற்றி ஸ்கூட்டர்கள், ஸ்கூட்டர்களைச் சுற்றி ஆட்டோக்கள். எல்லோரும் ஒலிப்பானை அழுத்திக்கொண்டு சந்தோஷமாக நின்றார்கள். என்னிடம் படிக்கிறவர்களை இங்கே ஒரு வாரம் விட்டால் போதும், பிறகு உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் ஓட்டிவிடுவார்கள்.

கீழே கடைசல் பட்டறை, மேலே வீடு. மாடிப்படி ஏறி மணியடித்தேன். கதவைத் திறந்தவர் ஆறடி உயரம். தக்காளி நிற முகம், வெள்ளை மீசை. மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே, வெயிலே பட்டிராத கால்கள். வெள்ளைக்காரர். யோகம் கற்றுக்கொள்ள வந்து மைசூரிலேயே தங்கிவிடுகிற வெளிநாட்டுக்காரர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். வாடகைக்கு இருப்பவர் போலும் என்று நினைத்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் இரண்டு கைகளையும் கூப்பினார். "வாங்கொ சம்மந்தி, வாங்கொ. செருப்பு அங்கியே கெடக்கட்டுமுங்க, உள்ள வாங்கொ. ஏனுங், பஸ்ஸுல அலுப்பா வந்துபோட்டீங்களா?"

நான் செய்த முதல் காரியம், அவருக்குப் பின்னால் யார் பேசினார்கள் என்று எட்டிப் பார்த்தது.

பின்னால் யாரும் இல்லை. புனிதா மட்டும் எனக்குப் பக்கத்தில் நின்று, சுவரில் இருந்த பல்லியை மிகுந்த அக்கறையோடு கவனித்துக்கொண்டிருந்தாள்.

அவர் பெயர் யோசெஃப். ஆஸ்திரியா நாட்டில் டிரோல் என்ற மலைப்பகுதி. இளம் வயதில் ஒரு ஆலைக்கு இயந்திரம் பொருத்த வந்தவர். இயந்திரம் ஓட ஆரம்பித்ததும் கூட வந்தவர்கள் திரும்பிவிட்டார்கள், இவர் பழனியம்மாளைக் கட்டிக்கொண்டு, கீழே பட்டறையும் போட்டுக்கொண்டு நின்றுவிட்டார். அவர் பேசும் தமிழ் முழுக்க மனைவியிடம் கற்றது, ஆகவே சுத்தமான ஹனூர்த் தமிழ். பிள்ளைக்கு மாத்தியாஸ் என்று தன் அப்பாவின் பெயரை வைத்தார். பழனியம்மாள் அதை மாதேஸ்வரன் மலைச் சாமியின் பெயராக எடுத்துக்கொண்டு மாதேசு என்று கூப்பிட்டார். ஒரே பெயரில் இரண்டு பக்கமும் திருப்தி.

கை கழுவப் போகும்போது புனிதாவைப் பிடித்தேன். "உங்கம்மாவுக்கு இது தெரியுமா?"

"மாதேஸ்னு சொன்னேன். அம்மாவுக்கு ஹனூர்னு சொன்னேன். வீட்டுல தமிழ்னு சொன்னேன். எதாவது பொய்யா மாமா?"

"அப்பாவைப் பத்தி?"

"அம்மா கேக்கவே இல்லையே."

கோளாறு கிடைத்துவிட்டது. அக்காவின் மூக்கு பொய் சொல்லவில்லை. வந்த காரியம் ஒரே நாளில் முடிந்த நிம்மதியோடு சாப்பிட உட்கார்ந்தேன். பழனியம்மாள் நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தார். மூன்றாவது முறை சோறு கேட்டபோது என் நிம்மதி கொஞ்சம் குறைந்திருந்தது. சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லப்போகிற வீட்டில் இத்தனை முறை சோறு கேட்கக் கூடாது.

மாதேஸ் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். நம் நிறம், அப்பாவின் உயரம், பூனைக்கண். "ஸ்வல்ப ரசம் போட்டுக்கங்க சார்," என்பதற்கு மேல் பேசவில்லை. பயந்திருந்தான். எனக்கு அது பிடித்திருந்தது.

சாப்பாடு முடிந்ததும் யோசெஃப் விஷயத்துக்கு வந்தார். மைசூர் டிரோல் சங்கத்தின் ஆண்டு விழா நாளை ஸ்ரீரங்கப்பட்டணத்தில், ஒரு தென்னந்தோப்பில். நான்தான் சிறப்பு விருந்தினர்.

"சங்கத்துல எத்தனை டிரோல்காரங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேருங்க," என்றார் பெருமையாக.

"ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லீங்க," என்றார் பழனியம்மாள், பாத்திரத்தை எடுத்துக்கொண்டே.

மற்றொருவர் சிஸ்டர் ரோஸா. கிராமங்களில் நர்சாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற கன்னியாஸ்திரி. அவரும் டிரோல்தான், ஆனால் மலைக்குத் தெற்கே, இத்தாலிப் பக்கம். வடக்கே இருப்பவர்களுக்கு ரொட்டித் துண்டுகளைப் பிசைந்து பிடித்து வேகவைக்கும் உருண்டைதான் டிரோல் உணவு. தெற்கே மக்காச்சோள மாவுக் களி. எது உண்மையான டிரோல் சாப்பாடு என்று இருவரும் வருடாவருடம் மோதுகிறார்கள். யோசெஃபின் தாய்மொழி ஜெர்மன், சிஸ்டருக்கு இத்தாலியன். இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தது கன்னடம்தான், ஆகவே சண்டையும் கன்னடத்தில். சங்கத்தின் மீதி உறுப்பினர்கள் பட்டறை ஆட்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், அவர்களுடைய மாமனார் மாமியார்கள். ஓட்டெடுப்பில் எப்போதும் முதலாளியின் உருண்டைதான் ஜெயிக்கும். இந்த வருடம் சிஸ்டர், வெளியாள் தீர்ப்பு சொன்னால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டாராம்.

"அதுனால நீங்கதானுங்க நடுவரு," என்றார் யோசெஃப்.

அன்று படுக்கையில் எனக்கு ஒரு அற்புதமான யோசனை தோன்றியது. நான் ஏன் வேண்டாம் என்று வாய் திறக்க வேண்டும்? உருண்டை சரியில்லை என்று சொன்னால் போதும். மனிதர் கோபித்துக்கொள்வார், சம்பந்தம் தானாக அறுந்துவிடும். பழி களியின் மேல் போகும். அக்காவிடமும் நல்ல பேர், புனிதாவிடமும் நல்ல பேர். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெங்காய லாரி மறுபடியும் சந்துக்குள் வழியை அடைத்துக்கொண்டது. பேசி வைத்திருந்த வேன் உள்ளே வர முடியவில்லை. பழனியம்மாள், சிஸ்டருக்கு ஒத்தாசை செய்ய வேண்டும் என்று அதற்கு முன்பே பேருந்தில் கிளம்பிவிட்டிருந்தார். அடுப்பு, அண்டா, அக்கார்டியன் பெட்டி எல்லாவற்றையும் தெருமுனைக்குச் சுமந்தோம். வேன் நிரம்பிவிட்டதால் நானும் யோசெஃபும் ஒரு ஆட்டோவில். பிடித்து வைத்த உருண்டைகளின் தவலை என் கால்களுக்கு நடுவே.

நெடுஞ்சாலையில் கரும்பு ஏற்றிய மாட்டுவண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஆட்டோக்காரர் ஒன்றைச் சுற்றி வளைத்து, எதிரே வந்த பேருந்தை நேருக்கு நேர் சந்திக்கப் போனார். என் கால் பிரேக்கை மிதித்தது. அங்கே பிரேக் இல்லை, தவலை இருந்தது. தவலை சாய்ந்தது. ஓர் உருண்டை வெளியே குதித்து, இறக்கத்தில் உருண்டு, கொஞ்ச தூரம் எங்களை முந்திக்கொண்டும் போனது. பிறகு ஒரு கரும்பு வண்டி மாடு அதை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

யோசெஃப் அதைக் கவனித்துவிட்டார். "மாட்டுக்கு டிரோல் தெரியாதுங்க," என்றார்.

தென்னந்தோப்பில், வாய்க்கால் ஓரமாகப் பந்தல். மைக் கீச்சென்று கத்தியது. எங்கள் ஈப்போ சங்கத்தின் பொங்கல் விழாவிலும் இதே கீச்சு, இதே பிளாஸ்டிக் நாற்காலி, வராத ஒரு பிரமுகருக்காக இதே காத்திருப்பு. இடம் மாறிப் போனவர்கள் கூடினால் முதலில் மைக்கைத்தான் தொந்தரவு செய்வார்கள் போலிருக்கிறது.

யோசெஃப் வேட்டியை மாற்றிக்கொண்டு வந்தார். தோலில் தைத்த அரைக்கால்சட்டை, பூவேலை செய்த தோள்வார், கோழி இறகு செருகிய தொப்பி. பின்னால் அதே உடுப்பில் பட்டறை ஆட்கள் இருவரும் மாதேசும். அக்கார்டியன் தொடங்கியதும் நால்வரும் குதித்து, தொடையிலும் செருப்பின் அடியிலும் பட்டுப்பட்டென்று அடித்துக்கொண்டார்கள். அதுதான் டிரோல் நாட்டியம். வாய்க்கால் ஓரக் கொசுக்களை அறிந்த எனக்கு, பாதி அடி நிஜமாகவே கொசுவுக்கா என்ற சந்தேகம் கடைசி வரை தீரவில்லை. மாதேஸ் என்னைப் பார்த்த ஒவ்வொரு முறையும் ஒரு அடி தவறவிட்டான். வருங்கால மாமன் முன்னால் அரைக்கால்சட்டையில் குதிப்பது எந்த மாப்பிள்ளைக்கும் வரக்கூடாத சோதனை.

ஆட்டம் முடிந்து மூச்சு வாங்க என் பக்கத்தில் உட்கார்ந்தார் யோசெஃப். "உங்களுக்கு எந்த ஊருங்க?"

"ஈப்போ."

"அதுக்கு முன்ன?"

"தாத்தா சேலம் பக்கத்துலேருந்து ரப்பர் தோட்டத்துக்குப் போனாரு. நான் அங்க போனதில்ல."

"போகாதீங்க," என்றார். "நான் போயிப் பாத்தனுங்க. எங்கூருல ஒருத்தரும் இந்த டவுசர் போடறதில்ல. அல்லாரும் ஜீன்ஸு. ஆட்டம் ஆடச் சொன்னா சிரிக்கறாங்க. இப்ப டிரோலு மைசூருல மட்டுந்தான் இருக்குதுங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தொடையைத் தடவிக்கொண்டு வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு, முந்தின இரவு தோன்றிய யோசனை எனக்கு முன்போல அற்புதமாகத் தெரியவில்லை.

சாப்பாடு. ஒரு தட்டில் யோசெஃபின் உருண்டை, மேலே உருக்கிய வெண்ணெய். பன்றிக்கறி போட வேண்டிய இடத்தில், சைவ உறுப்பினர்களுக்காக வெங்காயமும் கொத்தமல்லியும். இன்னொரு தட்டில் மஞ்சளாக, பளபளவென்று சிஸ்டரின் களி, பக்கத்தில் காளான் குழம்பு. எல்லோரும் வட்டமாக நின்றார்கள். சிஸ்டர் ரோஸா ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். புனிதாவும் மாதேசும் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை.

உருண்டை கெட்டியாக இருந்தது. மோசமில்லை, ஆனால் மென்று முடிப்பதற்குள் சொந்த ஊர் ஞாபகம் வந்துவிடும். களியை வாயில் வைத்தேன். ஒரு கட்டி இல்லை, அடிப்பிடித்த வாசம் இல்லை. தொண்டையில் தானாக இறங்கியது.

என் நிலைமையைப் பாருங்கள். கல்யாணத்தைக் கெடுக்கவென்று களிக்கு ஓட்டுப் போட வந்தவன் நான். கெடுக்க மனமில்லாமல் போன நேரத்தில் களி நிஜமாகவே ஜெயித்துத் தொலைத்துவிட்டது. பொய் சொல்லி உருண்டை என்று சொல்லலாம். சிஸ்டரின் முகத்தைப் பார்த்தேன். முடியவில்லை.

"களி," என்றேன். மைக் அதை வாய்க்காலின் மறுகரை வரை கொண்டுபோனது.

ஒருவரும் கைதட்டவில்லை. யோசெஃப் தொப்பியைக் கழற்றினார். புனிதா தலையைக் குனிந்துகொண்டாள், கண் நிறைந்துவிட்டது. இதற்காகத்தான் வந்தேன் என்றாலும், அந்த நிமிடம் திரும்ப அந்தக் கரும்பு வண்டி மாட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது.

சிஸ்டர் ரோஸா முன்னால் வந்தார். கன்னடத்தில் பேசினார், மாதேஸ் எனக்கு மெதுவாகச் சொன்னான். "பரிசு எனக்கு வேண்டாம். என் தோள் போன வருடமே போய்விட்டது, களி கிண்டும் துடுப்பைத் தூக்க முடியவில்லை. மாவும் உப்பும்தான் என்னுடையது. கிண்டியது பழனியம்மா."

யோசெஃப் மனைவியின் பக்கம் திரும்பினார். "நீயா?"

"பின்ன ஆரு?" என்றார் பழனியம்மாள். "அந்தம்மா வலியோட நின்னு கிண்டோணுமா? எங்கூருல ராயிக்களி கிண்டுன கைதான இது. ஒரு களி கிண்டறதுக்கு டிரோல்ல போயிப் பொறக்கோணுமாக்கு?"

யோசெஃப் மனைவியையும் சிஸ்டரையும் களிச் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். திடீரென்று தொப்பியை மேலே வீசினார். "அப்ப பரிசு எங்கூட்டுக்குத்தான!" என்று கத்தி, தொடையில் ஓங்கி ஒரு அடி போட்டார். அக்கார்டியன் பிடித்துக்கொண்டது. அவர் சிஸ்டருக்கு முன்னால் போய்க் குனிந்து ஏதோ சொன்னார். சிஸ்டரும் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாங்க?" என்றேன்.

"அப்பா களி நல்லா இருக்குங்கறாரு. சிஸ்டர், உருண்டை இன்னும் கல்லு மாதிரிதான் இருக்குங்கறாங்க," என்றான் மாதேஸ். "இவ்ளோ நல்லா பேசிக்கிட்டு நான் பார்த்ததே இல்லை சார்."

கடைசியில் நஞ்சன்கூடு வாழைப்பழத்தை மாவுக்குள் சுருட்டிச் சுட்ட ஒரு பலகாரம். ஆப்பிள் வைக்க வேண்டியதாம். ஆப்பிளைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இலை எடுக்கும்போது பழனியம்மாள் என் பக்கத்தில் வந்து நின்றார். "இந்தத் தீர்ப்பைச் சொல்லிப்போட்டீங்க. அந்தத் தீர்ப்பை எப்பச் சொல்லுவீங்க?"

"அக்காகிட்ட பேசணும்," என்றேன்.

திங்கட்கிழமை காலை மண்டி மொஹல்லா தெருமுனையில் இருந்த ஐ.எஸ்.டி. பூத்துக்குள் போனேன். உண்மையை முழுதாகச் சொன்னேன். வெள்ளைக்காரர், தோல் டவுசர், கோழி இறகு, எல்லாம். பையன் தங்கமானவன், எனக்குச் சம்மதம் என்றும் சொன்னேன்.

"உன்னைக் கோளாறு கண்டுபிடிக்க அனுப்பிச்சா நீ கூட ஆடிட்டு வந்து நிக்கிறியா?" என்றாள் அக்கா. இணைப்பு அறுந்தது. இந்த முறை தந்தி இலாகா மேல் குற்றமில்லை.

மாடிக்குப் போய், நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். யோசெஃப் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புனிதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பழனியம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "எனக்குப் போட்டுக் குடுங்க, நான் பேசறேன்," என்று செருப்பை மாட்டினார்.

பூத்துக்குள் இடமில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் வெளியே நின்றேன். பழனியம்மாள் மலேசியாவுக்குத் தொலைபேசி இல்லாமலே கேட்கிற குரலில் பேசினார்.

"நானுங்க, மாதேசு அம்மா... ஆமாங்க, வெள்ளைக்காரருதானுங்க... இல்லீங்க, கோவமில்லீங்க. எங்கூட்லயும் ஒத்துக்கலீங்க. எங்கண்ணன் வாசப்படி மிதிக்காத, செத்தா சொல்லியுடுன்னு போட்டாருங்க."

எதிர்முனை ஏதோ கேட்டது போலிருந்தது.

"பேசவே இல்லீங்க. பையனுக்குக் காது குத்த மாதேஸ்வரன் மலைக்குப் போனங்க. மாமன் மடியில வெச்சுத்தான குத்தோணும்? ஆள் மேல ஆள் சொல்லியுட்டேன். பொழுது சாயற வரைக்கும் மலை மேல பஸ்ஸு வர்ற பக்கமே பாத்துட்டு நின்னேன். வரலீங்க. கடைசீல பூசாரி ஐயா மடியில வெச்சுக் குத்துனோம்." குரல் முதல் முறையாகத் தணிந்தது. "உங்க பொண்ணுக்கு மாமன் கடல் தாண்டி வந்துட்டாருங்க. வேண்டாம்னு சொல்லத்தான் வந்தாருன்னு எனக்குத் தெரியுமுங்க. ஆனா வந்துட்டாருங்களே."

பழனியம்மாள் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"அக்கா அழுவறாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலீங்க."

வாங்கிக் காதில் வைத்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கடல் தாண்டித் தெளிவாகக் கேட்டது.

"டேய்," என்றாள் அக்கா. "இந்தியாவுக்கு விசா எடுக்க எத்தனை நாளாகும்?"